உறுதியோடு ஒரு படம்: லிமிட்டட் எடிஷன் பிரிண்ட் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மரக்கட்டை அச்சுப் படம் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற ஆட்களில் பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "இது பிரிண்ட்தானே? பிரிண்டுக்கா இவ்வளவு காசு குடுத்தனீங்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் காசை வெளியே எடுக்க வேண்டும் என்பதால் அங்கேயே தொடங்குகிறேன்.

அம்மம்மா வீட்டுச் சாமியறையில் இருந்த சரஸ்வதி, லட்சுமி படங்களும் அச்சுப் படங்கள்தான். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தான் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்களைக் கல்லச்சில் ஏற்றி ஊரெல்லாம் பரப்பினார். அங்கே ஓவியம்தான் மூலம், அச்சு அதன் நகல், எத்தனை அடித்தார்கள் என்று நகலில் எங்கும் எழுதியிருக்காது. இன்றைக்கு ஓர் ஓவியர் மரக்கட்டையை எடுத்துத் தானே செதுக்கி, மையிட்டு, 30 தாளில் மட்டும் அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டு, பிறகு அந்தக் கட்டையின் குறுக்கே கீறி இனி அச்செடுக்க முடியாதபடி செய்துவிடுகிறார் என்றால், அந்தப் படத்துக்கு வேறெங்கும் மூலம் கிடையாது. முப்பதுமே மூலம். லிமிட்டட் எடிஷன் என்பது இதுதான்.

மீதியை வன்னியில் காணி வாங்கியவர்களுக்கு விளக்குவது சுகம். ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஆனால் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், உள்ள காணிக்கு ஒரு விலை, அரசு கொடுத்த பெர்மிட் காணிக்கு ஒரு விலை, கடதாசி ஒன்றும் இல்லாத காணிக்கு வேறு விலை. பிரிண்டும் அப்படித்தான், படம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், எத்தனை பிரதி, யார் கையெழுத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்கிற கணக்கில்தான் விலை ஏறி இறங்கும். ஆகவே படத்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு அதன் கடதாசிகளையும் பார்க்கப் பழகவேண்டும்.

முதலில் ஆறு மாதம் பார்த்துத் திரியுங்கள்

ஒன்றும் வாங்காமல். எங்கள் பக்கத்தில் பிரிண்ட் விற்கும் கலைக்கூடம் இல்லை, அதனால் பயணம் போகத்தான் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிற மாணவர்களின் கண்காட்சி, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களின் கண்காட்சி இரண்டையும் தவறவிடாதீர்கள். அங்கே படத்தைச் செய்தவரே பக்கத்தில் நிற்பார், கட்டையைக் காட்டச் சொன்னால் காட்டுவார். கொழும்பில் 1993 முதல் நடக்கும் கலா பொல ஓவியத் தெருச் சந்தைக்கு ஒருமுறை இரவு பஸ்சில் போய் வாருங்கள். 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.

பிரதிகளாக வருகிற கலை என்றால் சட்டம் போட்ட படம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஓவியர் தா. சனாதனன், தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டின் பெயரில் 2011இல் செய்த கலைஞர் நூல், இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து கீறியதை வைத்து உருவானது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த நாளில்தான் அச்சில் வருகிற ஒன்று எவ்வளவு கனமாக இருக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டுத் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சுக்கலையிலேயே தன் பெயரை நிலைநாட்டியவர். பாரிசில் ஹேய்ட்டர் என்ற அச்சுக்கலைஞரின் பட்டறையில் வேலை செய்த கிருஷ்ணா ரெட்டி, ஒட்டுந்தன்மை வேறுபடும் மைகளைக் கொண்டு ஒரே தகட்டில் பல நிறங்களை எடுக்கும் முறைக்குப் பேர்போனவர்.

எப்படி அச்சிட்டது என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரே ஒரு கருவி போதும்: நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு வில்லை.

மரக்கட்டை, லினோ (லினோலியம் விரிப்பில் செதுக்குவது) அச்சு எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வெண்டிக்காயை வெட்டிச் சாயத்தில் தொட்டுக் குத்திய அதே வேலை. மேடாக இருக்கிற இடம் மையெடுக்கும். கோட்டின் ஓரத்தில் மை கொஞ்சம் திரண்டு நிற்கும், சிலவேளை தாளின் பின்பக்கத்தில் அழுத்தம் தெரியும். எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரிப்பது), டிரைபாயின்ட் (தகட்டில் ஊசியால் கீறுவது) போன்றவை இதற்கு நேர்மாறு, உலோகத் தகட்டின் பள்ளத்துக்குள் மை நிற்கும், அச்சு இயந்திரம் அழுத்தும்போது ஈரத்தாள் அந்த மையை இழுத்தெடுக்கும். இந்த வகையில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து ஒரு சதுரப் பள்ளம் விழுந்திருக்கும், சாய்த்த வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் தாளுக்கு மேல் எழுந்து நிற்பதும் தெரியும். லித்தோ, அதாவது கல்லச்சு, என்பது 1796இல் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்தது, எண்ணெயும் தண்ணீரும் சேராது என்கிற ஒரே விஷயத்தில் நிற்கிற முறை. வில்லையில் பார்த்தால் கிரேயான் கோட்டின் சொரசொரப்பு ஒழுங்கில்லாத சிறு மணிகளாகத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டை எல்லோருக்கும் தெரியும், விளையாட்டுப் போட்டிக்கு டீ-சேர்ட் அடிக்கிற முறைதான், மை தட்டையாக, தடிப்பாக, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கும்.

இனி முக்கியமானது. வில்லையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போல வட்டமாக அடுக்கியிருப்பது தெரிந்தால் அது ஆஃப்செட், கலண்டர் அடிக்கிற இயந்திரத்தில் வந்தது. கீழே பென்சிலில் 12/100 என்று எழுதியிருந்தாலும் அது ஓர் ஓவியத்தின் புகைப்பட நகல்தான். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மிக நுண்ணிய தூறலாக இருந்தால் இங்க்ஜெட், விற்பவர்கள் ஜிக்லே என்று அழகான பிரெஞ்சுப் பெயர் சொல்வார்கள். ஜிக்லேயை நான் ஒதுக்கவில்லை, கணினியிலேயே படைக்கிறவர்களுக்கு அதுதான் மூலம். ஆனால் இருக்கிற ஓவியத்தை ஸ்கான் பண்ணி ஜிக்லேயாக எடுத்தது என்றால், லித்தோவுக்குக் கேட்கிற விலையைக் கொடுக்காதீர்கள்.

பென்சில் வரியை வாசிப்பது

வழமையாக இடது கீழே எண், நடுவில் தலைப்பு, வலது கீழே கையெழுத்து. 7/25 என்றால் 25 பிரதிகளில் ஏழாவது என்று எண்ணிடப்பட்டது. சின்ன எண் என்றால் விலை கூட என்று சிலர் சொல்வார்கள், பெரும்பாலும் அதில் ஒன்றுமில்லை, காயப்போட்ட தாள்களை எடுத்து அடுக்கும்போது வந்த ஒழுங்கில்கூட எண்ணிட்டிருக்கலாம். டிரைபாயின்ட் மட்டும் விதிவிலக்கு: ஊசியால் கீறும்போது எழும் உலோகப் பிசிறுதான் அந்த வெல்வெட் போன்ற கோட்டைத் தருகிறது, அச்சிட அச்சிட அது நசுங்கிப்போகும், முந்தி எடுத்த பிரதிகளில்தான் வடிவாக இருக்கும்.

25க்கு வெளியேயும் பிரதிகள் உண்டு. ஏ.பி. என்று எழுதியிருந்தால் ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்டது, பி.பி. என்றால் அச்சிட்டவருக்குக் கொடுத்தது. எச்.சி. என்பது விற்பனைக்கு அல்லாத பிரதி, ஆனால் அதுவும் பிறகு சந்தைக்கு வருவதுண்டு. ஏ.பி. எடிஷனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது வழக்கம். 25 எடிஷனுக்கு 20 ஏ.பி. என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இதே படம் வேறு அளவில், வேறு நிறத்தில், வேறு தாளில் இன்னொரு எடிஷனாக வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிலவேளை ரோமன் எண்ணில் எண்ணிட்ட தனி எடிஷன் ஒன்று இருக்கும், யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

எண் எப்படி முடிவாகிறது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. பிரித்தானிய ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் 2021இல் செர்ரிப் பூக்கள் படங்கள் எட்டை ஆறு நாள் மட்டும் விற்பனைக்கு விட்டார், அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனையே எடிஷன் என்பது ஏற்பாடு. விற்றது 7,481. எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது என்பதும் குறைவாக இருக்கிறது என்பதும் வேறு வேறு.

கையெழுத்து எவ்வளவு பெறுமதி என்பதற்கு பிரித்தானியத் தெரு ஓவியர் பாங்ஸியின் பலூன் சிறுமி நல்ல உதாரணம். ஸ்கிரீன் பிரிண்டில் கையெழுத்திட்டது 150, இடாதது 600, அதே படம், விலையில் பெரிய இடைவெளி. இரண்டிலும் பெஸ்ட் கொன்ட்ரோல் என்கிற அவருடைய சொந்த அலுவலகத்தின் சான்று இல்லாமல் பெரிய ஏல நிறுவனங்கள் தொடாது. அதேநேரம் கையெழுத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி வெறுந்தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974இல் பிரெஞ்சுச் சுங்கத்தார் நிறுத்திய ஒரு லொறியில் அப்படிப்பட்ட தாள்கள் 40,000 இருந்தன. அதனால் டாலியின் பிற்காலப் பிரிண்ட் எதையும் தொடங்குகிற ஆள் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் பின்பக்கத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோல் நடிகை மர்லின் மன்றோவை வைத்துச் செய்த 1967 தொகுப்பில் பத்துப் படங்கள், 250 பிரதி, கையெழுத்தும் எண்ணும் இருப்பது பின்பக்கத்தில். 1970இலிருந்து சண்டே பி மார்னிங் என்ற பெயரில் வந்த மறுஅச்சுகளின் பின்னால், கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் முத்திரையே குத்தியிருக்கும். முன்பக்கத்தைத் தொலைபேசியில் பார்த்து இரண்டையும் பிரித்தறிய உங்களால் முடியாது.

காசு கொடுக்கும் முன்

விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, முறை, தாளின் அளவு, எண், மொத்த எடிஷன், ஏ.பி. எத்தனை, அச்சிட்ட பட்டறை, இதற்கு முன் யாரிடம் இருந்தது. இவை பற்றுச்சீட்டிலேயே வரட்டும். சான்றிதழ் தருகிறேன் என்பார்கள், கேட்கவேண்டியது அந்தச் சான்றிதழை யார் எழுதியது என்பது. ஓவியரோ பதிப்பித்தவரோ எழுதியது ஒரு மாதிரி, கடைக்காரர் தானே அடித்தது வேறு மாதிரி. படத்தை வாங்கினால் அச்சிடும் உரிமையும் வந்துவிட்டதாக நினைக்கக்கூடாது, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், கோயில் திருவிழா நோட்டீசில் போடவும் கேட்டுத்தான் போடவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் ஒரு சின்ன விஷயம். சர்வதேசச் சுங்கப் பட்டியலில் கையால் செய்த தகட்டிலிருந்து எடுத்த மூல அச்சுக்கு 9702 என்ற தலைப்பும், சாதாரண அச்சுப் படங்களுக்கு 4911 என்ற தலைப்பும் இருக்கிறது. பார்சலில் போகிற சிட்டையில் அது என்ன முறையில் செய்தது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தாளைச் சுருட்டுவதென்றால் அகலக் குழாயில், முடிந்தால் சுருட்டாமல் இரண்டு மட்டைக்கு நடுவில் தட்டையாக.

விலை மதிப்பது

நெல் விற்றவர்களுக்குத் தெரியும், காலபோக அறுவடை நேரம் ஆலைக்காரர் சொன்ன விலை, பேப்பரில் போட்ட விலை, கையில் வந்த விலை மூன்றும் வேறு. பிரிண்டிலும் இணையத்தில் கேட்டிருக்கிற விலையை மறந்துவிடுங்கள், விற்ற விலையைத் தேடுங்கள். கிறிஸ்டீஸ், சோதபீஸ், பொன்ஹாம்ஸ், இந்தியாவில் சாஃப்ரன் ஆர்ட் எல்லாம் தங்கள் ஏல முடிவுகளைத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. தேடவேண்டியது அதே ஓவியர் மட்டுமல்ல, அதே படம், அதே எடிஷன், கடைசி மூன்று நான்கு வருடத்தில் விற்றது. அப்படி மூன்று விற்பனை கிடைத்தால் ஒரு கணக்குக்கு வரலாம். பிறகு நிலைமையைப் பாருங்கள்: வெயிலில் மங்கியதா, விளிம்பு வெட்டியதா, பழுப்புப் புள்ளி இருக்கிறதா, பின்னால் டேப் ஒட்டிய கறை இருக்கிறதா. ஒவ்வொன்றும் விலையைக் கீழே இழுக்கும், விளிம்பு வெட்டியது மிக மோசமாக இழுக்கும்.

ஒரு ஏலத்தில் சுத்தியல் 100,000 ரூபாயில் விழுந்தது, அதாவது கேள்வி அந்த விலையில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர், ஏல நிறுவனத்தின் கட்டணம் நூற்றுக்கு 25 என்றால், 125,000 கொடுத்திருப்பார். விற்றவர் கையில், நிறுவனம் பிடிக்கும் கழிவு நூற்றுக்கு 15 என்றால், 85,000 வந்திருக்கும். தளத்தில் காட்டும் விலை பெரும்பாலும் கட்டணமும் சேர்ந்த 125,000. ஆக, காப்புறுதிக்கு எழுதுகிறீர்கள் என்றால் திரும்ப ஒன்று வாங்க எவ்வளவு என்ற பெரிய எண்ணை எடுங்கள், விற்க யோசிக்கிறீர்கள் என்றால் சின்ன எண்ணை எடுங்கள். இந்த இடைவெளி காரணமாகத்தான், இரண்டு வருடத்தில் லாபம் பார்க்கலாம் என்று யாரும் சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. விலை பாதியாகி ஒருபோதும் ஏறாவிட்டாலும் சுவரில் இருக்கட்டும் என்று தோன்றுகிற படத்தை மட்டும் வாங்குங்கள்.

ரூபாய்க் கணக்கில் ஏமாறவும் வேண்டாம். 2022இன் முதற்பாதியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, லண்டனில் வாங்கிய ஒரு பிரிண்டின் "பெறுமதி" என் கொப்பியில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது, படத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதிலிருந்து வாங்கிய நாணயத்திலும் ரூபாயிலும் இரண்டு நிரலாக எழுதுகிறேன்.

எங்கள் ஓவியர்களின் பிரிண்ட்களுக்கு ஏல முடிவு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே வேறு வழி: ஓவியரிடமும் கலைக்கூடத்திடமும் பழைய விலைப் பட்டியல்களைக் கேளுங்கள், முதல் கண்காட்சியில் என்ன விலை, இப்போது என்ன விலை, அந்த எடிஷனில் எத்தனை விற்றிருக்கிறது. எடிஷன் முடிய முடிய விலையைப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம், அதனால் ஆரம்பத்திலேயே வாங்குவது சுகம். இளம் ஓவியரிடம் பேரம் பேசாதீர்கள். தாள், மை, அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்த வாடகை எல்லாம் கழித்தால் அவர் கையில் நிற்பது மிகக் குறைவு.

வன்னி வீட்டில் தாளை வைத்திருப்பது

நான் காசாலும் கண்ணீராலும் படித்தது இதைத்தான். முதல் பிரிண்டை 18,000 ரூபாய்க்கு வாங்கி, டவுனில் ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். அவர்கள் தாளை ஹார்ட்போர்டில் கம் பூசி முழுதாக ஒட்டி, சட்டத்துக்கு அளவாக வரவில்லை என்று கீழ் விளிம்பில் அரை அங்குலத்தை வெட்டியும் விட்டார்கள். எண்ணும் கையெழுத்தும் அந்த அரை அங்குலத்தில் இருந்தன. வெட்டிய துண்டைக் குப்பைக் கூடைக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு மாரி போனபிறகு கம் பூசிய வழியெல்லாம் பழுப்பு அலையாகத் தாளில் ஏறிவிட்டது.

ஆகவே கடையில் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டித் தொங்கவிடவேண்டும், தண்ணீர் தொட்டால் கழன்று வருகிற மாதிரி. செலோடேப்பைப் பக்கத்திலேயே வைக்கவேண்டாம். பின்மட்டையும், படம் தெரிய நடுவில் வெட்டிய முன்மட்டையும் அமிலமற்ற மட்டையாக இருக்கவேண்டும், இங்கே கிடைப்பது அரிது, கொழும்பிலிருந்து எடுப்பித்து நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். முன்மட்டையின் தடிப்பு கண்ணாடியைத் தாளில் முட்டாமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் தாள் முட்டினால் மாரிக்கு வேர்த்து ஒட்டிவிடும்.

எங்கள் ஊர்க் காலநிலை இரண்டு பக்கமும் அடிக்கும். சோளகக் காலத்தில் வறட்சியும் செம்புழுதியும், சீற் கூரைக்குக் கீழே பகல் முழுவதும் அடுப்புப்போன்ற சூடு. வாடை தொடங்கி மழை பிடித்தால் சுவரே தண்ணீர் விடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65க்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சணம் வரும் என்று எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன ஈரமானியை அறையில் வையுங்கள். வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள், உள்சுவரில், அதுவும் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றுப் போகிற மாதிரி. நேர் வெயில் விழுகிற யன்னலுக்கு எதிரே வேண்டவே வேண்டாம். வெயிலில் போன நிறம் திரும்பாது.

கறையான் சுவருக்குள்ளால் வந்து சட்டத்தின் பின்னால் ஏறும், வெளியே தெரியும்போது பாதி தின்றிருக்கும், மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். வெள்ளிப்பூச்சிக்குப் பசை பிடிக்கும். புத்தகத்துக்குள் வேப்பிலை வைக்கிற பழக்கத்தைப் பிரிண்டில் செய்யாதீர்கள், இலையின் கறை தாளில் இறங்கும். தொங்கவிடாத படங்களை அமிலமற்ற மெல்லிய தாளை இடையில் வைத்து, தட்டையாக, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்த நான்கு படங்கள் கூழாகிப் போயின, மேல்தட்டில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோவை

படம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, பிரேமுக்குக் கொடுப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், பென்சில் வரி, நான்கு மூலை எல்லாவற்றையும் படமெடுங்கள். விளிம்பு வெட்டப்பட்ட அந்தப் பிரிண்ட் 7/25 என்பதற்கு இன்று என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம், வாங்கிய அன்று எடுத்த அப்படியொரு போட்டோவும் பற்றுச்சீட்டும்தான். ஓவியர் அதைப் பார்த்து, அந்தப் பிரதி தன்னுடையதுதான் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோவை (ஃபைல்) இருக்கிறது. பற்றுச்சீட்டு, ஓவியரோடு எழுதிய கடிதங்கள், கண்காட்சிக் கையேடு, விலைக் குறிப்புகள் எல்லாம் அதற்குள். 2009இல் அம்மா காணிப் பத்திரங்களையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார், அந்தப் பத்திரங்கள் இருக்கிற அதே தகரப் பெட்டியில்தான் இந்தக் கோவைகளும் இருக்கின்றன, அலுமாரியின் மேல்தட்டில். கோவைகளின் இன்னொரு பிரதி லண்டனில் தங்கச்சியின் மின்னஞ்சலில். புதுப் படம் ஒன்று வந்தால் அன்றிரவே இரண்டிலும் சேர்த்துவிடுகிறேன்.